கேரியர் இல்லாத வண்டிகள்

சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் தொழுப்பேட்டைத் தாண்டியபின் ஒலக்கூர் வரும். விரைவு வண்டியில் செல்பவர்களுக்கு அது ஒரு மஞ்சள் பலகை மட்டுமே. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும். சென்ற மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு நாங்கள் நால்வர் அந்த ஊரிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டுத் திண்டிவனம் வழியாகச் செஞ்சி வரை போய் வந்தோம். ஒரு வழி ஏறத்தாழ 40 கி.மீ. செஞ்சிக் கோட்டையையும் திருநாதர்குன்றையும் பார்ப்பதுதான் திட்டம். அவற்றைப் பார்க்கவும் செய்தோம். ஆனால் திரும்பி வந்த நாள்முதல் எங்களுக்குள் பேச்சு முழுவதும் நாங்கள் ஏறிச் சென்ற வண்டியைப் பற்றியே இருக்கிறது.

மலைப்பயணம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இப்பக்கத்துக் குன்றுகளில் சாலை ஏறுவதில்லை, மரியாதையாக ஒதுங்கிச் செல்கிறது. யாரோ பாறைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்து போனதுபோல் ஒவ்வொரு குன்றும் நிற்கிறது. இடையிடையே ஏரிக்கரைகள், சவுக்குத் தோப்புகள், மல்லாட்டைக் கொல்லைகள். (வேர்க்கடலை என்று இங்கே சொன்னால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.) ஏற்றமென்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்காற்றுதான் தொடை நரம்பை இழுத்தது.

முதல் சோதனை ஒலக்கூரிலேயே காத்திருந்தது. ஒரு காலத்தில் புளிய மரங்கள் இருபுறமும் கவிந்திருந்த ஜி.எஸ்.டி. சாலை 2000களில் நான்குவழிச் சாலையாக விரிந்தது. மரங்கள் போய்விட்டன. புளியங்காடு என்னும் பொருளில் பெயர் கொண்டதாகச் சொல்லப்படும் திண்டிவனத்தை நோக்கி ஒரு புளியமர நிழல்கூட இல்லாமல் செல்வது வேடிக்கைதான். நடுத்திட்டில் கடவு எங்கோ தள்ளி இருப்பதால், எதிர்ச்சாரியில் உள்ள வயலுக்குப் போக வேண்டிய உள்ளூர்க்காரர் சாலை ஓரமாகத் தவறான திசையில் மிதித்து வருகிறார். அவரைத் திட்டிக்கொண்டே கார்கள் பறக்கின்றன. சாலை அவருக்கு முன்பே அங்கே இருந்ததா, அவர் சாலைக்கு முன்பே அங்கே இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் சாலையில் மேற்கே திரும்பியதும் மூச்சு சீரானது. இந்த வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் நடந்தவர்களின் வரலாறும் படைகளின் வரலாறுமாகும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இரு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் அங்குள்ளது. வாகனம் ஏறக் கூடாதென்னும் விதியுடைய சமணத் துறவிகள் இந்தச் செம்மண்ணைக் காலால்தான் அளந்திருப்பார்கள். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததையும், அவர் மகன் இராஜாராம் உள்ளே இருக்க முகலாயர் சுமார் எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல் கோட்டையைக் கைப்பற்றியதையும், 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் வந்ததையும் பலரும் எழுதிவிட்டார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் செஞ்சி இடம்பெற்றுவிட்டது. யானை, குதிரை, பீரங்கி, பின்னர் 1870களில் வந்த இரயில் ஆகிய எல்லாவற்றுக்கும் இவ்வட்டார வரலாற்றில் பக்கங்கள் உண்டு. மிதிவண்டிக்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

இத்தனைக்கும் அது சின்ன வருகையன்று. இன்று நாம் காணும் வடிவிலான மிதிவண்டி இங்கிலாந்தில் 1885இல் உருவானது. காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் கொண்டுவந்தார். பிறகு ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் என்று கப்பலேறி வந்த வண்டிகள் முதலில் துரைகளிடமும், பின்னர் வக்கீல், வாத்தியார், குமாஸ்தாக்களிடமும் சென்றன. 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகே கிராமத்து விவசாயிக்கு எட்டும் தொலைவில் சைக்கிள் வந்தது. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கடை. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. காலையில் பால் கேன், மதியம் உர மூட்டை, மாலையில் முன்பாரில் பிள்ளை, பின்னால் மனைவி என்று கட்டைவண்டியின் வேலையையும் பேருந்தின் வேலையையும் அது சேர்த்தே செய்தது.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) தேநீருக்காக இறங்கினோம். பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுபதைக் கடந்திருப்பார். எங்கள் தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான உடை ஆகியவற்றை அவர் பொருட்படுத்தவில்லை. வண்டியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு விரலால் தூக்கிப் பார்த்து வியந்தார். விலையை நாங்கள் சற்றுக் குறைத்தே சொன்னோம்.

"எல்லாம் சரி தம்பி, கேரியரே இல்லியே. மல்லாட்டை மூட்டைய எதுல வெப்பீங்க?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தம் தந்தையார் வைத்திருந்த பழைய ராலே வண்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "ஊர்த்தெரு மொனை வந்ததும் அப்பா எறங்கிடுவாரு. செருப்பக் கழட்டிக் கேரியர்ல வெச்சிக்குவாரு. தெரு முடியற வரைக்கும் தள்ளிக்கினு போயி, அந்தாண்ட போனப்புறம்தான் ஏறுவாரு."

"நீங்கள், ஐயா?" என்று எங்களில் ஒருவர் தயங்கிக் கேட்டார்.

"நான் எறங்கல. ரெண்டு வாட்டி காத்தப் புடுங்கி உட்டாங்க. மூணாவது நாளு ஒரு பம்பு வாங்கிக் கேரியர்ல கட்டிக்கினேன்."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் போனவரைத் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இதைத் தனியொருவர் நினைவு என்று ஒதுக்க முடியாது. 11 மாநிலங்களில் 565 ஊர்களை ஆராய்ந்து, ஊரகத் தீண்டாமை பற்றி 2006இல் வெளிவந்த நூலொன்று, பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரையான ஊர்களில் தலித் மக்களுக்கு இருந்த தடைகளைச் சொல்கிறது. பொதுத்தெருவில் சைக்கிள் ஓட்டக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, குடை விரிக்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போடக் கூடாது. அன்று நாங்கள் அணிந்திருந்தவற்றில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது! யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை. சிறுவர்கள் கையசைத்தார்கள். எங்கள் சாதி என்னவென்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பட்டணத்து உடையே போதுமான அனுமதிச் சீட்டாக இருந்தது.

பொதுச்சாலை எல்லோருக்கும் உரியது என்பதைத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955லேயே கூறிவிட்டது. ஆயினும் சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும் தடுப்பதைத் தனிக் குற்றமாக எழுத வேண்டியதாயிற்று. திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் சைக்கிளின் பெயரைச் சொல்லிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்த நாட்டில், வரலாறு எழுதுவோர் அதை மறந்துவிட்டது எங்களுக்கு வியப்பாகவே இருக்கிறது. புதுக்கோட்டை மட்டும் விதிவிலக்கு. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றதை பி. சாய்நாத் பதிவு செய்ததால் அது உலகத்துக்குத் தெரிந்தது. தென்னார்க்காட்டுத் தெருக்களில் இறங்காமல் சென்றவர்களின் கதை டீக்கடைப் பெஞ்சுகளில் இருக்கிறது. சொல்பவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டன.

நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்துக்குப் பிரான்சில் 1891இலிருந்து மரபு உண்டு. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று மீளும் 1,200 கி.மீ. பயணத்தை இன்று 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதே விதிகளின்படி 200 கி.மீ. தொலைவைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் இளைஞர்கள் தமிழகத்திலும் பெருகியிருக்கிறார்கள். நல்ல செய்திதான். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வழியில் தேநீர் குடிக்கும்போது கடிகாரத்தைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்.

திரும்பும்போது மாலை நான்கரை இருக்கும். பள்ளி விட்டிருந்தார்கள். 2001-02இல் பட்டியல் இன, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த அரசின் விலையில்லா மிதிவண்டிகளில் ஏழெட்டுப் பெண்கள் சாலையை அடைத்துக்கொண்டு பேசியபடி சென்றார்கள். எல்லா வண்டியிலும் கேரியர் இருந்தது, அதில் புத்தகப்பை இருந்தது. ஒரு வண்டியில் பைக்குப் பதில் ஒரு தங்கை இருந்தாள். எங்கள் வண்டிகளில் கேரியர் மட்டுமல்ல, மணியும் கிடையாது. குரல் கொடுத்து வழி கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஊர் வரும்வரை பின்னாலேயே மெதுவாகச் சென்றோம். தெரு முனையில் அவர்கள் யாரும் இறங்கவில்லை. வேகத்தைக் கூடக் குறைக்காமல் உள்ளே திரும்பினார்கள்.