மோட்டார் நிற்கவில்லை

பழைய பின்பால் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடிக்கடி பார்க்கும் நோய் இது: ஸ்டார்ட் பட்டனை அழுத்துவோம், உள்ளே மோட்டார் கடகடவென்று சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டம் மட்டும் தொடங்காது.

1960களின் மெஷினில் சிப் கிடையாது. மதிப்பெண் காட்டுவது எண் எழுதிய உருளைகள். புது ஆட்டத்துக்கு எல்லா உருளையும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பூஜ்யம் வந்ததும் உருளையில் இருக்கும் சின்ன சுவிட்ச் திறந்துகொள்ளும். அது வளைந்து ஒட்டிக்கொண்டாலோ, கெட்டிப்பட்ட பழைய கிரீஸில் உருளை சிக்கினாலோ, "இன்னும் பூஜ்யம் வரல" என்று மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த உருளை தகராறு பண்ணுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய அரத்தை இரண்டு முனைகளுக்கு நடுவே விட்டு லேசாக இழுத்தால் போதும். எண்ணெய் மட்டும் விடக் கூடாது. தூசியைப் பிடித்து, தீப்பொறியில் கருகிவிடும். இன்னொன்று, அமெரிக்காவில் ஓடிய மெஷினை நம்முடைய 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த மெஷினின் தாத்தாவைத் தெரிந்திருக்கும்: ஆணி அடித்து, கோலி உருட்டும் பேகடெல் பலகை. பிரான்சில் பிறந்த அந்தப் பலகைக்கு ஸ்பிரிங் வைத்து 1871இல் காப்புரிமை வாங்கியவர் மான்டேக் ரெட்கிரேவ். 1931இல், வேலையில்லாத் திண்டாட்டம் பெருகிக்கொண்டிருந்தபோது, காட்லீப் கம்பெனியின் 'பேஃபிள் பால்' சில்லறைக் காசுக்கு விளையாட்டுக் காட்டியது. 1942இல் நியூயார்க் மேயர் லாகார்டியா இது சூதாட்டம் என்று தடை போட்டு, மெஷின்களைச் சம்மட்டியால் உடைக்கவும் செய்தார். பந்தைத் தட்டித் திருப்பும் ஃப்ளிப்பர் 1947இல்தான் வந்தது. கைத்திறனுக்கு அதில்தான் இடம் கிடைத்தது. ஆனாலும் தடை நீங்க 1976 வரை ஆனது.

ஃப்ளிப்பருக்குள் இருக்கும் சுருளும் கவனிக்க வேண்டியது. தட்டும்போது பெரிய மின்னோட்டம். மேலே போனதும் ஒரு சுவிட்ச் திறந்து அதைக் குறைத்துவிடும். அந்தச் சுவிட்ச் திறக்காவிட்டால், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்திலேயே சுருள் கருகும். எரிந்த சுருளை மட்டும் மாற்றுகிறவர் மறுபடியும் ஒரு சுருள் வாங்கத் தயாராக இருக்க வேண்டியதுதான்.

இந்த மெஷினின் மூளை ரிலே. நெய்வேலிக்காரர்களுக்கு அது புதுச் சொல் இல்லை. 1962இல் சோவியத் உதவியோடு மின்சாரம் தரத் தொடங்கிய அனல்மின் நிலையத்தைக் காத்ததும் ரிலேக்கள்தான். இன்னும் நெருங்கிய சொந்தம் தொலைபேசி நிலையம். பிணங்களை அடக்கம் செய்யும் தொழிலில் இருந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் 1891இல் காப்புரிமை பெற்ற முறையில், டயல் சுற்றினால் சுவிட்ச் படிப்படியாக ஏறும். அதையே பெங்களூரில் 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ. செய்து நாடெங்கும் அனுப்பியது. பின்பாலில் எண்ணிக்கை ஏறுவதும் இதே படியேறும் சுவிட்சால்தான்.

1970களின் கடைசியில் பின்பாலுக்குள் சிப் நுழைந்தது. இங்கே 1984இல் சி-டாட் அமைந்த பிறகு, டிஜிட்டல் நிலையங்கள் வர வர, டக்டக்கென்று அடித்த ரிலே அறைகள் ஒவ்வொன்றாக அமைதியாகின. ரிலேயின் மெல்லிய தகடுகளை இம்மி இம்மியாக வளைத்துச் சரிசெய்ய தொலைபேசிக்காரர்கள் வைத்திருந்த சின்னக் கருவியை, பின்பால் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.