புள்ளி வைத்த நான்கு எண்கள்

2005இல் நான் பிளஸ் டூ. பள்ளி லேபில் பிளாப்பி போடும் வாயை டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள்; வைரஸ் பயம். எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. பிரவுசர் மட்டும் திறக்கும். ப்ராஜெக்ட் ஃபைலோ வீட்டில் கிடந்தது.

கைகொடுத்தது வி.என்.சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்து, 1998இல் இலவசமாக வெளிவந்த மென்பொருள். வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையை ஜாவா வழியாகப் பிரவுசருக்குள்ளேயே காட்டிவிடும். அது வழக்கமாகப் பயன்படுத்தும் 5800, 5900 போர்ட்களைப் பள்ளி மூடியிருந்தது. இணையதளங்களுக்காகத் திறந்துவைத்த 80, 443க்கு மாற்றினேன்.

இணைப்புக்கு வேண்டிய வீட்டு ஐ.பி. முகவரி அடிக்கடி மாறும். இடைவேளையில் ஒரு ரூபாய் காயின் போனில் கூப்பிட்டால், அம்மா எழுத்துக்கூட்டுவதுபோல் எண், புள்ளி, எண் என்று வாசிப்பார். உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன்.

திரை தெரியும், ஃபைல் வராது. அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மெயிலைத் திறந்து எனக்கு நானே அனுப்பி, பள்ளியில் இறக்கிக்கொள்வேன். ஒருநாள் அனுப்பப்போகும் நேரத்தில் திரை உறைந்துவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் கட்.

2008இல், ஃபைலை இணையத்தில் வைத்து எங்கிருந்தும் எடுக்கவிடும் டிராப்பாக்ஸ் வந்தது. வீட்டில் ஃபைலை விட்டுவிட்டுத் தவிப்பது நின்றது. அம்மாவின் வாசிப்பும் நின்றது.