சக்கை என்று ஒதுக்கியது

நார்ச்சத்துக்கு நம்ம வீடுகளில் ஒரே வேலைதான்: காலையில் வயிறு சுத்தமாகணும். மருத்துவமும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. 1972இல் ஹியூ ட்ரோவெல் தந்த வரையறையைப் பாருங்கள்: மனிதச் செரிமான நொதிகளால் உடைக்க முடியாத தாவரச் செல்சுவரின் மிச்சம். நம் நொதிக்கு மசியவில்லை, அதனால் மிச்சம். குடலுக்குள் வேறு யாரிடமாவது அந்த நொதி இருக்குமா என்ற கேள்வியே இதில் இல்லை.

ஆட்டைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு 1944லேயே பதில் வந்திருந்தது. கேம்பிரிட்ஜில் ஜோசப் பார்கிராஃப்ட், மெக்கனலி, பிலிப்சன் மூவரும் செம்மறியாட்டின் முதல் இரைப்பையிலிருந்து திரும்பும் ரத்தத்தைச் சோதித்தார்கள். உள்ளே போகும் ரத்தத்தைவிட அதில் ஆவியாகும் அமிலங்கள் அதிகம். புல்லின் செல்லுலோஸைப் பாக்டீரியா பிராணவாயு இல்லாமல் புளிக்க வைத்து அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகிறது. ஆடு அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. தின்பது புல், உடம்பு ஓடுவது பெரும்பாலும் அமிலத்தில்.

என் வேலை செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களோடு. அங்கேயும் இதே மூன்று அமிலங்கள்தான். குளத்தில் அமிலம் தேங்கினால் மீத்தேன் உற்பத்தி படுத்துவிடும், எங்களுக்குத் தலைவலி. குடலில் அந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை; சுவரே பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது.

மனிதனிடம் இதைத் தேட ஏன் இவ்வளவு தாமதம்? நாம் அசைபோடும் பிராணி இல்லை என்ற மிதப்பும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட் எழுபதுகளில் நார்ச்சத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். அவர்கூட முக்கியமாக எண்ணியது மலத்தின் எடையையும் அது குடலைக் கடக்கும் நேரத்தையும்தான்.

1980இல் ரோடிகர், அறுவையில் அகற்றிய மனிதப் பெருங்குடலிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். அவை பயன்படுத்திய பிராணவாயுவில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பியூட்டிரிக் அமிலத்தை எரிக்கவே போனது. பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தும் இதைத்தான் முதலில் எடுத்தன. சக்கையிலிருந்து வந்த அமிலம் குடல்சுவருக்கே சாப்பாடு!

மிச்சமிருந்தது ரத்தம். உயிரோடு இருப்பவரிடம் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் நாளத்தைத் தொடுவது லேசில்லை. 1987இல் ஜான் கம்மிங்ஸ் குழு, திடீரென இறந்த ஆறு பேரின் உடல்களில், இறந்து நான்கு மணி நேரத்துக்குள், அந்த ரத்தத்தை எடுத்தது. மூன்று அமிலங்களும் அதில் இருந்தன. ஆட்டு ரத்தத்தில் பார்த்து அதற்குள் 43 வருடம் ஓடியிருந்தது.