கொடுமணல் கூறும் உண்மை

2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிற் கிடைத்த கரித்துண்டொன்றின் காலம் கி.மு. 3345 எனக் கணிக்கப்பெற்றதாகவும், ஆதலின் தமிழகத்து இரும்பின் தொன்மை ஐயாயிரம் ஆண்டுகளைக் கடப்பதாகவும் தமிழக அரசு அறிவித்தது. அதுமுதல் நம் சங்கத்து அன்பர் சிலர், "கொங்கு நாட்டிலும் இத்தகைய சான்று உண்டோ? அது நம் குலத்தின் பழமையை நாட்டுமோ?" என எம்மை வினவுகின்றனர். முதல் வினாவிற்கு விடை இனிது. மற்றையதற்கு விடை சிலர்க்குக் கசக்கலாம். எனினும், உள்ளது உரைத்தலே ஆசிரியர் கடனாதலின் அதனை ஈண்டுக் கூறத் துணிந்தனம்.

நம் பொங்கலூருக்கு வடகிழக்கே, நொய்யலின் வடகரையில் அமைந்தது கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' எனப் போற்றும் ஊர் இதுவே என்பர் அறிஞர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், 2012, 2013ஆம் ஆண்டுகளிற் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் குழுவினரும், பின்னர் அரசுத் தொல்லியல் துறையினரும் அங்கு அகழ்ந்தனர். இரும்பும் எஃகும் செய்த உலைகள், அறுத்தும் துளையிட்டும் முடிவுறாது கிடந்த மணிகள், நூல் நூற்ற தக்களிகள் ஆகியவை வெளிப்பட்டன. பனியன் தொழிலாற் பெயர்பெற்ற நம் பகுதியில் அன்றே நூற்கும் கையும் இருந்தது காண்க! காங்கயத்தை அடுத்த படியூரிற் பச்சைக்கல் விளைந்தது. இந்தியப் பச்சைக்கல்லை உரோமானியர் விரும்பியதனைப் பிளினி எழுதிவைத்துள்ளார். எகிப்து நாட்டுச் செங்கடற்கரையிலும், 'பானை உறி' எனப் பொருள்படும் தமிழெழுத்துப் பொறித்த ஓடு கிடைத்துளது.

இனி இரண்டாம் வினா. கொடுமணலில் எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டுக் கிடைத்துள்ளன. அவற்றிற் பெரும்பாலன ஆட்பெயர்கள். 'கண்ணன் ஆதன்' என ஓர் ஓடு. 'சம்பன் சுமணன்' என மற்றோர் ஓடு. ஆதன் தமிழ்ப்பெயர், சுமணன் வடபுலத்துச் சாயலுடையது. வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்னும் சொல்லும் உண்டு. கல்லறைகளிற் கிடைத்த செம்மணிகளின் கல்லோ வடக்கே கூர்ச்சரத்தினின்று வந்தது என்பர். பல திசையினர் கூடித் தொழில் செய்த ஊர் அது. இன்ன குலத்தார் முன்னோர் இவரெனக் காட்ட இவ்வோடுகள் சான்றாகா. ஒரு குலம் தனதென அதனை உரிமை கொண்டாடின், ஏனையோர் பங்கை மறைப்பதாக முடியும்.

எனின், நமக்கு அதன்கண் உறவில்லையோ? உண்டு. அம்மண்ணை இன்று உழுவோர் நாமும் நம் அயலாருமே. ஆலைக்கு நிலம் நிரவும்பொழுதும், கிணறு தோண்டும்பொழுதும் கல்வட்டங்களும் தாழிகளும் நம் கண்முன்னே அழிகின்றன. நூல்களை ஏடுகளிற் காத்தனர் நம் முன்னோர். மண்ணிலுள்ள ஏட்டை நாமே கிழித்தெறிதல் தகுமோ?

ஆதலின் அன்பர்காள், கொழுமுனையிற் பழம்பானை தட்டுப்படின் ஏரை நிறுத்துக. வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறையினர்க்கோ தெரிவிக்க. உடைந்த ஓடேயாயினும் எழுத்துளதோ என நோக்குக. பழமை பேசுதலினும் பழமை காத்தலே பெருமை.