பெயர்ப்பட்டியலின் வலிமை: சோவியத் ஒன்றியத்தில் மனச்சான்றுக் கைதிகளின் விடுதலைக்கான இயக்கம், 1968–1987

கருத்துக்காக ஒருவரைச் சிறையிலடைக்கும் அரசு இரண்டு செயல்களைச் செய்கிறது. அவரை உலகத்திடமிருந்து பிரிப்பது ஒன்று. அவரை உலகம் மறக்கும்படி செய்வது மற்றொன்று. முதற்செயலைத் தடுக்கும் ஆற்றல் குடிமக்களுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டாவதைத் தடுக்க முடியும் என்பதைச் சோவியத் ஒன்றியத்தின் மனித உரிமை இயக்கம் காட்டியது. அதற்கு அவ்வியக்கம் கையாண்ட கருவி மொழியே என்பதால், அவ்வரலாறு நம் கவனத்திற்குரியதாகிறது.

1968ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலக மனித உரிமை ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மாஸ்கோவில் ஓர் இதழ் தோன்றியது. ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். அச்சகங்கள் அனைத்தும் அரசின் பிடியில் இருந்தமையால், மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்யப்பட்ட படிகளாகவே அது வெளிவந்தது. பெற்றவர் மீண்டும் தட்டச்சு செய்து பிறருக்குக் கொடுத்தார். செய்தி வைத்திருப்பவர், தமக்கு இதழைத் தந்தவரிடம் அதனைச் சொன்னார். அவர் தமக்குத் தந்தவரிடம் சொன்னார். இவ்வாறு படிகள் பரவிய வழியே செய்திகள் ஆசிரியரை வந்தடைந்தன.

இதழின் நடை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அதில் வசையில்லை, புலம்பலில்லை, அறைகூவலும் இல்லை. யார், எந்நாளில், எச்சட்டப் பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார், எத்தனை ஆண்டுத் தண்டனை பெற்றார், எம்முகாமில் உள்ளார் என்பனவே வரிசையாக இடம்பெற்றன. முந்தைய இதழில் பிழை நேர்ந்திருப்பின் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடப்பட்டது. அறிந்தே பொய் பரப்பி ஆட்சியமைப்பை இழிவுபடுத்துவது குற்றம் எனச் சோவியத் சட்டம் கூறிய சூழலில், துல்லியமே இவர்களுடைய அறமாகவும் அரணாகவும் அமைந்தது.

அரண் எப்போதும் காக்கவில்லை. இதழின் முதல் ஆசிரியரான கவிஞர் நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா 1969 டிசம்பரில் கைதாகி, மனநல மருத்துவமனைச் சிறையில் அடைக்கப்பட்டார். அடக்குமுறை கடுமையானதால் 1972இன் இறுதியில் இதழ் நின்றது. 1974 மே மாதத்தில், உயிரியலாளர் செர்கேய் கொவல்யோவ், கணிதவியலாளர் தத்தியானா வெலிக்கானவா, மொழியியலாளர் தத்தியானா கதரோவிச் ஆகிய மூவரும் இதழைப் பரப்பும் பொறுப்பைத் தம் பெயரிலேயே வெளிப்படையாக ஏற்றனர். பிறர் பெயர்களை மறதியிலிருந்து காப்பதற்காகத் தம் பெயர்களை இடரில் வைத்தனர். கொவல்யோவ் அவ்வாண்டின் இறுதியிலும், வெலிக்கானவா 1979இலும் கைதாயினர்.

கொவல்யோவின் வழக்கு 1975 டிசம்பரில் லித்துவேனியாவின் வில்னியூஸ் நகரில் விசாரிக்கப்பட்டது. அதே நாள்களில், நார்வேயின் ஒஸ்லோ நகரில் இயற்பியலாளர் ஆந்திரேய் சகாரோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீரகக் குண்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான அவர், அரசு மறைபொருள்களை அறிந்தவர் என்னும் காரணம் காட்டி, வெளிநாடு செல்லத் தடுக்கப்பட்டார். அவருடைய மனைவி எலேனா போன்னர் ஒஸ்லோவில் பரிசைப் பெற்று, அவருடைய உரையைப் படித்தார். சகாரோவோ வில்னியூஸ் நீதிமன்றத்தின் வாயிலில் நண்பருக்காக நின்றுகொண்டிருந்தார். அவ்வுரையில் சிறையிலிருந்தோரின் பெயர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெற்றன. அவர்கள் அனைவரும் அப்பரிசின் பெருமையைத் தம்மோடு பகிர்ந்துகொள்வதாகக் கருதுமாறு அவர் வேண்டினார். நடுகல்லில் வீரரின் பெயர் பொறிக்கும் மரபினர் நாம். மாண்டவரை நினைவில் நிறுத்துவது நடுகல். உயிரோடிருப்போரை மாளவிடாமல் தடுப்பதே சகாரோவின் பட்டியலுக்கு நோக்கமாயிருந்தது. கொவல்யோவுக்கு ஏழாண்டு முகாம் சிறையும் மூன்றாண்டு நாடுகடத்தலும் தண்டனையாயின.

1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்த சகாரோவ், வழக்கு விசாரணை ஏதுமின்றிக் கோர்க்கி நகருக்குக் கடத்தப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். பட்டியல் தந்தவரே பட்டியலில் ஒருவரானார். பல நாட்டு அறிவியலாளர்கள் அவருக்காகவும், சிறையிலிருந்த இயற்பியலாளர் யூரி ஒர்லோவுக்காகவும் தொடர்ந்து குரல் கொடுத்தனர். சகாரோவ் 1986 பிப்ரவரியில் மிக்கயில் கோர்பச்சோவுக்கு மடல் எழுதி, மனச்சான்றுக் கைதிகளை விடுவிக்குமாறு கோரினார்.

அவ்வாண்டு ஆகஸ்டில், தொழிலாளியும் எழுத்தாளருமான அனத்தோலி மார்ச்சென்கோ, அரசியல் கைதிகள் அனைவரையும் விடுவிக்கக் கோரிச் சிஸ்தபோல் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். டிசம்பர் 8ஆம் நாள் அவர் சிறைக்காவலிலேயே இறந்தார். எட்டு நாள் கழித்துச் சகாரோவைத் தொலைபேசியில் அழைத்த கோர்பச்சோவ், அவர் மாஸ்கோ திரும்பலாம் என்றார். நன்றி கூறிய சகாரோவ், உடனே மார்ச்சென்கோவின் இறப்பைக் குறிப்பிட்டு, எஞ்சிய கைதிகளின் விடுதலையைக் கேட்டார். தம் விடுதலையை அவர் முடிவாகக் கொள்ளவில்லை. 1987 பிப்ரவரியில் ஏறத்தாழ 140 கைதிகளின் விடுதலையை அரசு அறிவித்தது. சட்டத்திற்குப் புறம்பான செயலில் இனி ஈடுபடுவதில்லை என எழுதித்தருமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. சிலர் அதற்கும் மறுத்தனர்.

பெயர்ப்பட்டியல்தான் சிறைக்கதவைத் திறந்தது எனக் கூறுவது மிகையாகும். சீர்திருத்தத்திற்கு அறிஞர்களின் துணையும், மேலைநாடுகளுடன் நல்லுறவும் கோர்பச்சோவுக்குத் தேவைப்பட்டன. கதவைத் திறக்கும் முடிவு அரசியல் தேவையால் விளைந்தது. ஆயின் அக்கதவுக்குப் பின்னால் இருந்தோர் யாவர் என்பதை உலகம் முன்னரே அறிந்திருந்தது. ஒருவரை மட்டும் விடுவித்து மற்றவரை மறைத்துவிட இயலாத நிலையை, ஏறத்தாழ இருபதாண்டுக்காலத் தட்டச்சுப் பணி உருவாக்கியிருந்தது.

மார்ச்சென்கோவுக்கு அவ்விடுதலை காலங்கடந்தே வந்தது. வெலிக்கானவா விடுதலைக்குப் பின் மாஸ்கோவில் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். பெயரைப் பிழையின்றி எழுதுதல், நாளைச் சரிபார்த்தல், அறியாததைச் சேர்க்காமை, தவற்றைத் திருத்துதல் ஆகியவை நம் வகுப்பறைகளில் நாள்தோறும் கற்பிக்கப்படும் எளிய மொழிப்பயிற்சிகளே. அப்பயிற்சிகளைக் கைவிடாமல் காத்தமைக்காகவே சிலர் சிறை சென்றனர் என்பதையும், அவற்றாலேயே சிலர் சிறை மீண்டனர் என்பதையும் நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.