பரங்காய்

பிலிப்பைன்ஸ் ஆட்சியமைப்பின் கடைசிப் படி பரங்காய்; நம் ஊராட்சி போன்றது. தொடக்கத்தில் இது படகின் பெயர். 1589இல் தகாலோகு மக்களின் வழக்கங்களை எழுதிய ஸ்பானியத் துறவி ஹுவான் தெ பிளாசென்சியா, ‘தாத்து’ என்ற தலைவனின் கீழ் வாழும் சில வேளை நூறு வரையும், சில வேளை முப்பதுக்கும் குறைவாகவும் வீடுகள் கொண்ட கூட்டத்துக்கு இப்பெயர் என்கிறார். ஒரே படகில் வந்திறங்கிய குடும்பமே கூட்டமானது என்பது அவர் ஊகம். படகு என்ற பொருளில் ‘பலங்காய்’ இன்றும் வழங்குகிறது.

ஸ்பானியர் இந்தக் கூட்டத்தைக் கலைக்கவில்லை, கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள். தாத்து ‘கபேசா தெ பரங்காய்’ ஆனார். கபேசா என்றால் தலை. அவருக்கும் மூத்த மகனுக்கும் வரி கிடையாது. ஆனால் தம் வீடுகளின் வரியைத் திரட்டிக் கட்ட வேண்டும். குறைந்தால் கைக்காசைப் போட வேண்டும். பதவி என்ற பெயரில் இது பாதி தண்டனைதான். பரம்பரையாக வந்த பொறுப்பு பின்னாளில் தேர்வுமுறைக்கு மாறியது. அப்போது தட்டிக்கழிக்கப் பார்த்தவர்களும் உண்டு.

அமெரிக்கர் காலத்தில் இந்தக் கடைசிப் படிக்கு ‘பாரியோ’ என்ற ஸ்பானியச் சொல்லே அரசுத் தாள்களில் நின்றது. 1935இல் கேசோன் தலைமையில் தன்னாட்சி அரசும், 1946இல் விடுதலையும் வந்தபின்னும் அது மாறவில்லை.

பழைய சொல்லை மீட்டவர் அன்றைய அதிபர் மார்கோஸ். 1973 ஜனவரியில், இராணுவச் சட்டத்தின் கீழ், ‘பரங்காய்’ என்ற பெயரில் மக்கள் கூட்டங்களைக் கூட்டி, கை தூக்கச் சொல்லிப் புதிய அரசியலமைப்புக்கு ஒப்புதல் வாங்கினார். மறு ஆண்டு பாரியோக்கள் எல்லாம் பரங்காய் ஆயின. தலைவரை மட்டும் மக்கள் இன்னும் ஸ்பானிய வழியில் ‘கபித்தான்’ என்றே அழைக்கிறார்கள்.