பார்க்கின்சன் நோய்: மருந்துக்குப் பழகும் தொடக்கக் காலம்

பார்க்கின்சன் நோய், நடுமூளையில் டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் உண்டாகிறது. அந்த அழிவை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. இருக்கும் மருந்துகள் டோபமைன் குறைவை ஈடுகட்டி நடுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் அசைவின் மந்தத்தையும் தணிக்கின்றன. அவற்றுள் முதன்மையானது லெவோடோபா. நோய் உறுதியானபின் வரும் முதல் சில மாதங்களில், எந்த அளவில் தொடங்கி எவ்வளவு பொறுமையாக ஏற்றுகிறோம் என்பதே மருந்தின் பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இம்மருந்தின் வரலாறே இதற்குச் சான்று. 1961இல் வியன்னாவில் பிர்க்மயரும் ஹோர்னிகீவிச்சும் லெவோடோபாவை ஊசிவழி செலுத்தியபோது, எழ முடியாமல் கிடந்தவர்கள் நடந்தார்கள். சில மணி நேரத்தில் பலன் கலைந்தது. வாய்வழி கொடுத்த சிலர் குமட்டலாலும் வாந்தியாலும் முயற்சியைக் கைவிட்டனர். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் சிறிதளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினார். உடல் பழகிக்கொண்டது, பலனும் நீடித்தது. பின்னர் கார்பிடோபா சேர்க்கப்பட்டது. மூளையை அடையுமுன்பே லெவோடோபா டோபமைனாக மாறுவதை அது தடுப்பதால், தேவைப்படும் அளவும் குமட்டலும் வெகுவாகக் குறைந்தன. ஆகவே முதல் வாரக் குமட்டலைக் கண்டு ‘இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்துவது அவசர முடிவு. மருத்துவர் ஏற்றும் வேகத்தைக் குறைக்கலாம், உணவோடு கொடுக்கலாம், தேவையானால் டோம்பெரிடோன் சேர்க்கலாம். வாந்திக்குப் பரவலாகத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு கூடாது. அது மூளையில் டோபமைனின் வேலையையே தடுக்கும்.

லெவோடோபா சில ஆண்டுகளில் வீரியம் இழந்துவிடும், ஆகையால் முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும் என்பது மருத்துவர்களிடமும் நெடுநாள் இருந்த கருத்து. அதை வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது: ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தேய்கிறது, கட்டுப்படாத அசைவுகளும் தோன்றுகின்றன. ஆனால் இதற்குக் காரணம் மருந்து உண்ட காலமா, நோயின் வயதா? கானாவையும் இத்தாலியையும் ஒப்பிட்டு 2014இல் வெளிவந்த ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. கானா நோயாளிகளுக்கு லெவோடோபா கிடைத்ததே தாமதமாகத்தான்; இருந்தும் இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரே காலத்தில் இச்சிக்கல்கள் வந்தன. நெதர்லாந்தில் 445 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்விலும், உடனே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தள்ளித் தொடங்கியவர்களுக்கும் 80ஆம் வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்கூட்டித் தொடங்கியதால் நோய் மெதுவாகவில்லை, மோசமாகவும் இல்லை. சட்டைப் பொத்தானைப் போடவே திணறும் ஒருவர் மருந்தைத் தள்ளிப்போட்டால், ஓரளவு நன்றாகக் கழிக்கக்கூடிய மாதங்களை வீணே இழக்கிறார். பழைய எச்சரிக்கையில் ஒன்று மட்டும் நிற்கிறது: நாளொன்றுக்கான அளவு மிகுந்தால் கட்டுப்படாத அசைவுகளுக்கான வாய்ப்பு கூடும். எனவே போதிய பலன் தரும் மிகக் குறைந்த அளவே நல்லது.

இரத்தத்தில் லெவோடோபா ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. எஞ்சிய நரம்பணுக்கள் டோபமைனைச் சேமித்து ஈடுகொடுப்பதால் தொடக்கத்தில் இது உறைக்காது. நேரம் தவறாத பழக்கத்தை அப்போதே ஊன்றிக்கொள்வது பின்னாளில் கைகொடுக்கும். புரத உணவு மருந்தோடு போட்டியிடும் என்பதால், குமட்டல் அடங்கியபின் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே விழுங்குவது பலருக்கு உதவுகிறது. இந்நோய்க்குத் தரப்படும் வேறு மருந்துகளான பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை சிலரிடம் சூதாட்ட வெறியையும் அளவுமீறிய செலவையும் அடங்காப் பாலுணர்வையும் தூண்டுகின்றன. நோயாளி வெட்கப்பட்டு மறைக்கக்கூடும்; வீட்டாருக்கும் இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்நோய்க்குப் பூனைக்காலி விதைப் பொடியை உண்ணலாம், அது இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்பார் உண்டு. 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்தது இதே லெவோடோபாவைத்தான். பொடியில் அது எவ்வளவு உள்ளது என்பது மாறுபடும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கட்டுமீறலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ கடும் காய்ச்சலையும் உடல் விறைப்பையும் கொணர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதிச் செவிலியரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.